தேர் பக்கிரியின் ஓவர் ஸ்பீடு

கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறி, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, ஆலப்பாக்கம் வந்திருக்கும் என்று வெளியே பார்த்தால் இன்னும் காரைக்காடே வரவில்லையா? அப்படியானால் நீங்கள் ஏறியது பக்கிரி ஓட்டுகிற அரசுப் பேருந்து. அதில் டிக்கெட் போடுகிறவன் நான், அந்தோணிசாமி. இருபது வருடமாக அவர் மெதுவாக ஓட்டுகிறார், நான் அதற்குத் திட்டு வாங்குகிறேன். டிரைவரைத் திட்டினால் அவருடைய முதுகுதான் கேட்கும். கண்டக்டருக்குக் காது இருக்கிறது.

டிப்போவில் அவருக்குப் பெயர் 'தேர்'. சிதம்பரத்துக்காரர்கள் வைத்த பெயர் அது. மார்கழியில் அங்கே தேர் புறப்பட்டு நான்கு வீதியும் சுற்றி வருவதற்குள் ஒரு பகல் போய்விடும். எங்கள் வண்டி சிதம்பரம் ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் டைம் கீப்பர், "தேர் நிலைக்கு வந்தாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் நேரத்தை எழுதுவார். பக்கிரிக்கு இதில் கோபம் வராது. "தேருக்குப் பின்னாடி நின்னு எவனும் ஹாரன் அடிக்க மாட்டான் மச்சான்" என்பார். எங்களுக்குப் பின்னால் மட்டும் எல்லோரும் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. ஒரே வண்டியில் பாதி ஆயுளைக் கழித்ததில் நான் அவரை மாமா என்றும் அவர் என்னை மச்சான் என்றும் கூப்பிட ஆரம்பித்து, அவர் சம்சாரம் சின்னம்மாள் எனக்கு அக்காவாகி, கிறிஸ்துமஸ் கேக்கும் பொங்கல் கரும்பும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகிவிட்டன. அந்த உரிமையில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

மெதுவாக ஓட்டுகிற மனிதர் என்றதும் அடக்கமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டுவதில் மிச்சம் பிடித்த வேகத்தையெல்லாம் பேச்சில் செலவழிப்பார். கடலூர் ஸ்டாண்டு டீக்கடையில் யார் சிக்கினாலும் பிடித்துக்கொள்வார். "இத்தினி வருச சர்வீசுல ஒரு கேஸ் கெடையாது. ஒரு மெமோ கெடையாது. ஒரு ஆட்டுக்குட்டி மேல ஏத்துனது கெடையாது." இதைச் சொல்லி முடித்ததும் வைக்கோல் வண்டிக் கதை வரும். அன்றைக்கு நான் லீவு, ஆனாலும் எனக்கு மனப்பாடம்.

அவருடைய ஒரே மகள் பொன்னி பள்ளிக்கூடம் முடித்த வருடம். சிதம்பரத்தில் விவசாயப் படிப்புக்குக் கலந்தாய்வு. அப்பாவின் பஸ்ஸிலேயே போகலாம் என்று டிரைவருக்குப் பின்சீட்டில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் முன்னால் ஒரு டிராக்டர், ரோட்டை அடைத்துக்கொண்டு வைக்கோல் ஏற்றிப் போனது. பிரைவேட் பஸ்கள் ஒவ்வொன்றாக அதைத் தாண்டிப் போயின. எங்கள் வண்டி போகவில்லை.

"பெத்த பொண்ணு கெஞ்சுறா, தாண்டுப்பா தாண்டுப்பான்னு. தாண்டலியே. முட்லூர் வரைக்கும் வைக்கோலுக்குப் பின்னாலயே வந்தேன்" என்று நிறுத்துவார் பக்கிரி.

கேட்கிறவர் கட்டாயம் கேட்பார். "பொண்ணுக்கு சீட்டு?"

"அந்த சீட்டு போச்சி. வேற சீட்டு கெடைச்சிது. உயிரு போனா வேற உயிரு கெடைக்குமா?"

டீக்கடையே தலையாட்டும். சரியான பேச்சுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். பிரைவேட் பஸ்காரர்கள் ஓட்டுகிற லட்சணத்தையும், அந்த ரோட்டோரத்தில் மாலை போட்டு நிற்கிற படங்களையும் பார்த்தவன் நான். ஆனால் ஒன்று. ஆட்டுக்குட்டியைக் கொன்றால் கேஸ் உண்டு. அடுத்தவர் பொழுதைக் கொன்றால் எந்தப் பிரிவிலும் கேஸ் கிடையாது.

விபத்தே இல்லாமல் ஓட்டியவர்களுக்குக் குடியரசு தினத்தன்று மைதானத்தில் கலெக்டர் கையால் பதக்கம் கொடுப்பார்கள். பக்கிரிக்கு அது இதுவரை கிடைத்ததில்லை. பழைய மேனேஜர்கள் விபத்தோடு வசூலையும் பார்த்தார்கள், வசூலில் எங்கள் வண்டி டிப்போவிலேயே கடைசி. புதிதாக வந்த மேனேஜர் வசூலைக் கேட்கவில்லை. ஓட்டுநர் மீது எந்த வழக்கும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று சொல்லிப் பட்டியலில் பக்கிரியின் பெயரை முதலில் எழுதினார். அடுத்த ஏப்ரலில் அவருக்கு ஓய்வு. இதை விட்டால் வேறு குடியரசு தினம் இல்லை. மனிதர் அன்றைக்கே போய்ப் புதுக் காக்கி தைக்கக் கொடுத்துவிட்டார். பதக்கம் குத்துகிற இடத்தில் துணி இரட்டையாக இருக்க வேண்டும் என்று டெய்லரிடம் சொன்னாராம்.

இனி காருக்கு வருவோம்.

வேறு சீட்டில் சேர்ந்த பொன்னி கம்ப்யூட்டர் படித்து, பெங்களூரில் வேலைக்குப் போய், அங்கேயே வேலை பார்க்கிற சேரனைக் கட்டிக்கொண்டாள். பையன் பண்ணுருட்டிப் பக்கம். முற்போக்கு. வரதட்சணை என்ற வார்த்தையைச் சொன்னாலே எழுந்து போய்விடுவான் என்றார்கள். அவனுடைய அப்பா அம்மா மட்டும், "நாங்க எதுவும் கேக்கல. ஊருல பாக்கறவங்களுக்காக ஒரு காரு நின்னா போதும்" என்றார்கள். கார் நின்றது. ஆனால் சேரன் பெயரில் வாங்கினால் அது வரதட்சணை ஆகிவிடும் என்பதால், கார் மாமனார் பெயரிலேயே இருக்கட்டும், ஓட்டுவது மட்டும் நாங்கள் ஓட்டிக்கொள்கிறோம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். கொள்கையும் கெடவில்லை, காரும் போய்ச் சேர்ந்தது. பதிவுப் புத்தகத்தில் பக்கிரியின் பெயர், பக்கிரியின் விலாசம், பக்கிரியின் செல் நம்பர். வண்டி மட்டும் பெங்களூரில்.

கல்யாணமாகி ஒரு வருடம் போனதும் பக்கிரியின் செல்லுக்கு மெசேஜ் வர ஆரம்பித்தது. முதலில் கர்நாடகாவிலிருந்து. உங்கள் வண்டி வேகமாகப் போனது, அபராதம் கட்டுங்கள், படத்தைப் பார்க்க இங்கே அழுத்துங்கள் என்று இங்கிலீஷில். பக்கிரி அதை டீக்கடையில் எனக்குப் படிக்கக் கொடுத்தார். நான் படித்துச் சொன்னேன். மனிதர் டீ புரையேறச் சிரித்தார்.

"பாத்தியா மச்சான் திருட்டுப் பசங்கள. யாருக்கு அனுப்பறோம்னு கூட விசாரிக்கல. எனக்கு ஓவர் ஸ்பீடாம்."

எங்கள் டிப்போ சுவரில் அப்போதுதான் ஒரு எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள். அபராதம் என்று வருகிற போலிச் செய்திகளை நம்பாதீர்கள், அழுத்தினால் பேங்க் பணம் போய்விடும் என்று. பக்கிரிக்கு அது போதும். அடுத்த மாதம் ஆந்திராவிலிருந்து ஒன்று வந்தது, திருப்பதி போகிற வழியில் ஓவர் ஸ்பீடு. அதற்கடுத்து கேரளா. புதுச்சேரியிலிருந்தும் ஒன்று, எல்லையில் இருக்கிற முள்ளோடை தாண்டியதுமே. ஒவ்வொன்று வரும்போதும் டீக்கடையில் ஒரு கச்சேரி. போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டுவார். "நாலு ஸ்டேட்டுக்காரனும் எங்கிட்ட வந்து ஏமாந்து போறான்" என்பார். பிறகு அழித்துவிடுவார். உலகத்தில் அபராத மெசேஜைப் பதக்கம்போல ஊருக்குக் காட்டியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கார் என்று ஒன்று தன் பெயரில் இருக்கிறது என்பதே அவருக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருந்தாலும் வேகம் என்றதும் அவர் தன்னை மட்டும்தான் நினைத்துப் பார்ப்பார். தான் ஓட்டவில்லை, ஆகவே பொய். அவ்வளவு சுருக்கமான யோசனை.

மார்கழியில் அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பொங்கல் கழித்து ஒரு வாரத்தில் அது காலாவதி. சிதம்பரம் மேலவீதியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற சிவபிரசாத் எங்கள் டிப்போ ஆட்களுக்கு இந்த வேலையெல்லாம் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பவர். கோயில் வீதிகளிலேயே பிறந்து வளர்ந்தவர், நெற்றியில் விபூதியும் காதில் ப்ளூடூத்தும் எப்போதும் இருக்கும். ட்ரிப் முடித்துவிட்டு நாங்கள் இருவரும் போனோம்.

சிவபிரசாத் தட்டினார், பார்த்தார், மறுபடி தட்டினார். "பக்கிரி சார், இது நகரமாட்டேங்கறது. உங்க பேர்ல வெளி மாநிலத்துல அபராதம் பாக்கி நிக்கறது. அது தீர்ற வரைக்கும் லைசென்ஸ்ல கைய வைக்க முடியாது."

"அது திருட்டு மெசேஜுங்க."

"மெசேஜ் இல்ல சார். இது சர்க்கார் கம்ப்யூட்டர். கர்நாடகா, ஆந்திரா, கேரளா, புதுச்சேரி. இந்த வெள்ளைக் கார் உங்களுதுதானே?"

பக்கிரி ஸ்டூலில் உட்கார்ந்தார். அவ்வளவு நாள் அழித்த மெசேஜ்கள் எல்லாம் அந்தத் திரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாநில எல்லை தாண்டினால் அந்தந்த ஊர் கேஸ் அந்தந்த ஊரிலேயே கிடக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. முள்ளோடைக்கு அந்தப் பக்கம் குடித்தது, கத்தியது, மோதியது எதுவும் இந்தப் பக்கம் வராது என்றுதானே கடலூரில் பாதிப் பேர் வாழ்கிறார்கள். இப்போது எல்லா ஊர்க் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கிறதாம். மனிதர்கள்தான் பேசிக்கொள்வதில்லை.

சிவபிரசாத் நிதானமாக விளக்கினார். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஓட்டியதாகக் கணக்கு. அதற்கு இரண்டு வழி. தான்தான் ஓட்டினேன் என்று ஒத்துக்கொண்டு கட்டிவிடலாம், லைசென்ஸ் நகரும். இல்லை, ஓட்டியது இன்னார் என்று பெயரும் லைசென்ஸ் நம்பரும் கொடுக்கலாம். அப்போது இவர் பெயர் சுத்தமாகிவிடும். ஆனால் அந்த ஆள் மேல் வழக்கு போகும். இத்தனை தடவை என்பதால் அவருடைய லைசென்ஸை முடக்குவார்கள், அந்தந்த மாநிலத்துக் கோர்ட்டுக்கும் இழுப்பார்கள்.

"ஒத்துகினா பதக்கம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் பக்கிரி.

எந்த வழக்கும் இருக்கக் கூடாது என்பது மேனேஜர் வாயால் சொன்னது. ஓவர் ஸ்பீடை ஒத்துக்கொண்ட டிரைவருக்குக் கலெக்டர் எதைக் குத்துவார்?

கடலூர் திரும்புகிற வழியெல்லாம் வண்டி வழக்கத்தைவிட மெதுவாகப் போனது. அப்படியும் போக முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சின்னம்மாள் அக்கா முதலில் தெருக்கதவைச் சாத்தினார். "மாப்ள ஓட்டியிருப்பாரு. சின்ன வயசு. இத போயி அவருகிட்ட எப்பிடி கேக்கறது?"

"கேக்காம? எம் பேரு நாறுது."

"கேட்டா பொண்ணு பேரு நாறும். மாமியா வூட்டுல இன்னா சொல்லுவாங்க? காரக் குடுத்துட்டு கணக்குக் கேக்கறான் பாருன்னு சொல்லுவாங்க."

எங்கள் பக்கத்தில் போலீஸை எதிர்த்துக் கேள்வி கேட்பார்கள். அமைச்சரை மறித்துக் கேட்பார்கள். மாப்பிள்ளையைக் கேட்க மாட்டார்கள். அவன் தலையில் கொம்பு இருந்தாலும் முடி நன்றாக வளர்ந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

ஆனாலும் பதக்கம் அரிக்கிறதே. ஜாடையாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"மாப்ள, வண்டி எப்பிடி ஓடுது?"

"ஓடுது மாமா. ரொம்ப நல்லா ஓடுது."

அடுத்து என்ன கேட்பது என்று பக்கிரி என்னைப் பார்ப்பதற்குள் மாப்பிள்ளையே தொடர்ந்தான்.

"மாமா, வண்டி விசயமா உங்ககிட்ட ஒண்ணு..."

"சொல்லுங்க மாப்ள."

"ஒண்ணுமில்ல மாமா. அங்க மழ எப்பிடி?"

"மழயா? இல்ல. அங்க?"

மழையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிய இரண்டு பேரை வானிலை ஆபீசில்கூடப் பார்க்க முடியாது. போனை வைத்துவிட்டுப் பக்கிரி, "குத்தமுள்ள நெஞ்சி மச்சான். வாயி கொழறுது பாத்தியா?" என்றார்.

பொங்கலுக்கு மகளும் மருமகனும் காரில் வந்தார்கள். நான் அப்போது அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். கார் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஊர்ந்து வந்தது. ஸ்டியரிங்கில் சேரன். சின்னம்மாள் அக்கா, "எவ்ளோ பதனமா ஓட்டிகினு வர்றாரு பாரு" என்றார். பக்கிரி என் காதில், "நம்ம தெருவுல மட்டும் நல்ல புள்ள" என்றார்.

மாப்பிள்ளையிடம் பேசுகிற வேலை கடைசியில் என் தலையில் விழுந்தது. நான் உறவில் மாமா, ஆனால் நிஜ மாமா இல்லை. கோபித்துக்கொண்டாலும் நஷ்டமில்லாத ஆள். திட்டம் இதுதான். காணும் பொங்கலன்று எல்லோரும் சிதம்பரம் கோயிலுக்குப் போவது. போகிற வழியில் சிவபிரசாத் கடையில் ஏதோ கையெழுத்து என்று நிறுத்துவது. அங்கே திரையில் இருப்பதைச் சேரன் தானாகப் பார்த்து, தானாக வெட்கப்பட்டு, தானாகப் பெயரைக் கொடுத்துவிடுவது. பக்கிரி போட்ட திட்டம். அவர் வண்டி ஓட்டுவது போலவே எதன் மேலும் மோதாமல் போகிற திட்டம்.

காரில் சேரன் ஓட்டினான். பக்கத்தில் பொன்னி. பின்னால் அக்கா, பக்கிரி, நான். பையன் ஓட்டிய ஓட்டத்தில் எங்கள் பஸ்ஸே தேவலை என்று தோன்றியது. நடிக்கிறான் என்று பக்கிரி என் தொடையில் கிள்ளினார். பொன்னி மட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து, வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தாள்.

சிவபிரசாத் கடையில் அக்கா மட்டும் காரிலேயே இருந்துகொண்டார். மாப்பிள்ளை வெட்கப்படுவதை மாமியார் பார்க்கக் கூடாதாம். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாப்ள, ஒரு சின்ன விசயம்" என்று ஆரம்பித்து, லைசென்ஸ், பதக்கம், நாலு மாநிலம் என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். சேரன் முகம் வெளுத்தது. பொன்னியைப் பார்த்தான். பொன்னி தரையைப் பார்த்தாள். பக்கிரி கூரையைப் பார்த்தார்.

"படம்லாம் இருக்கு சார், பாருங்கோ" என்று சிவபிரசாத் ஒவ்வொன்றாகத் திறந்தார். கர்நாடகாவில் வண்டியின் பின்பக்கம். ஆந்திராவிலும் பின்பக்கம். கேரளாக்காரன் மட்டும் முன்பக்கமாக எடுத்திருந்தான். சிவபிரசாத் அதைப் பெரிதாக்கினார்.

கண்ணாடிக்குள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஸ்டியரிங்கில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரித்தபடி பொன்னி. பக்கத்து சீட்டில் கதவுக்கு மேலே உள்ள பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, சேரன்.

"மாப்பிள்ளை பிரார்த்தனை பண்றார் போலிருக்கே" என்றார் சிவபிரசாத்.

சேரன்தான் முதலில் பேசினான். "சொல்லணும்னு எத்தினியோ வாட்டி நெனைச்சேன் மாமா. அன்னிக்கு போன்ல கூட ஆரம்பிச்சேன். ஆனா உங்க பொண்ணப் பத்தி உங்ககிட்டயே குத்தம் சொல்றது மரியாதயா இருக்காதுன்னு..."

ஆக, மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுத்து மாமனார் கேட்கவில்லை. மாமனாருக்கு மரியாதை கொடுத்து மாப்பிள்ளை சொல்லவில்லை. இந்த இரண்டு மரியாதைக்கும் நடுவில் எங்கள் பெண் நான்கு மாநிலத்தையும் பறந்து கடந்திருக்கிறாள்.

பக்கிரி மகள் பக்கம் திரும்பினார். "ஒனக்கு வண்டி கத்துக் குடுத்தவன் நானு" என்றார்.

"ஆமா. நாப்பது ஸ்பீடுல" என்றாள் பொன்னி. அவள் அழவுமில்லை, கத்தவுமில்லை. "நான்தாம்பா. எல்லாமே நான்தான். எம் பேரயே குடுத்துடு, லைசென்ஸ் போனா போவட்டும். உனக்கு பதக்கம் வரட்டும்."

"எதுக்கும்மா இந்த ஓட்டம்? ஒனக்கு இன்னா அவசரம்?"

பொன்னி திரையில் இருந்த தன் முகத்தையே பார்த்தாள். "வைக்கோல் வண்டி நெனப்பு இருக்கா உனக்கு?"

"இல்லாம?"

"நீ அத டிரைவர் சீட்டுலேருந்து பாத்த. நான் உம் பின்னாடி உக்காந்து பாத்தேன். பிரைவேட் பஸ்ஸு ஒண்ணொண்ணா தாண்டிப் போவுது. எதுக்க வண்டி கூட இல்லாம ரோடு காலியாக் கெடந்துதுப்பா. அப்பவும் நீ தாண்டல. நான் போயி நின்னப்ப எம் பேரக் கூப்ட்டு முடிச்சிட்டாங்க. எனக்கு விவசாயம் படிக்கணும். அது ஒண்ணுதான் படிக்கணும்னு இருந்திச்சி. வேற சீட்டு கெடைச்சிதுன்னு நீ டீக்கடையில சொல்ற. வேற வாழ்க்கையும்தான் கெடைச்சிது. நல்லாத்தான் இருக்கேன். ஆனா இன்னிக்கும் எனக்கு முன்னாடி ஒரு வண்டி போனா காலு தானா அமுக்குது. தாண்டினாதான் அடங்குது."

அந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பின்சீட்டிலிருந்து கேட்டது அன்றுதான். எனக்குக் கோபம் பக்கிரி மேலா, டிராக்டர்காரன் மேலா, தலையாட்டிய டீக்கடை மேலா என்று தெரியவில்லை. அழுகை வந்தது. முகம் துடைக்கத் துண்டு எடுக்கலாம் என்று கண்டக்டர் பையைத் தேடினேன், அன்றைக்கு அது என் தோளில் இல்லை.

சேரன் முன்னால் வந்து, "எம் பேரக் குடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்" என்றான். பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிற படத்துக்கு எதிரில் நின்றுகொண்டு அப்படிச் சொல்வதற்கும் ஒரு மனசு வேண்டும். முற்போக்கு என்று அவனை நான் செய்த கிண்டலில் பாதியை அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சிவபிரசாத் பொறுமையாகக் கேட்டார். "யார் பேர் போடட்டும்? பொண்ணு பேர் போட்டா நீங்க சுத்தம் சார். பதக்கம் உண்டு. லைசென்ஸும் நகர்ந்துடும்."

பக்கிரி எழுந்தார். திரைக்கு அருகில் போய், கேரளாப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். வேகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மகளுடைய சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் வண்டியில் அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

"எம் பேரே இருக்கட்டும்" என்றார்.

"அப்பா, வேணாம். அது பொய்யி" என்றாள் பொன்னி.

"ஓட்டுனது நீ. அவசரத்த குடுத்தது நானு. இதுல பொய் இன்னா இருக்கு?" பிறகு சிவபிரசாத்திடம் திரும்பி, "எங்க அமுக்கணும்?" என்று கேட்டு, ஒத்துக்கொள்கிறேன் என்ற கட்டத்தைத் தன் விரலாலேயே அழுத்தினார். நான்கு மாநிலத்துக்கும் தனித்தனியாக அழுத்தினார். சேரன் பணத்தைக் கட்டினான். அவனிடம் கார் சாவியை வாங்கிப் பக்கிரி தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதில் மட்டும் மாப்பிள்ளை, மரியாதை என்று எதையும் அவர் பார்க்கவில்லை. திரும்பும்போது அவர்தான் ஓட்டினார். எல்லோரும் தூங்கிவிட்டோம்.

சட்டப்படி பார்த்தால் அவர் செய்தது தப்பு. ஓட்டாதவன் ஓட்டினேன் என்று சொன்னது. தகப்பன் தியாகம் என்று அதற்கு மாலை போட நான் தயாரில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு டிராக்டரைத் தாண்டியிருந்தால் இந்தத் தியாகத்துக்கே அவசியம் வந்திருக்காது. ஆனால் பட்டியலிலிருந்து அவர் பெயரை மேனேஜர் அடித்தபோது எனக்குத்தான் வயிறு எரிந்தது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். செய்தி ஸ்டாண்டு முழுக்கப் பரவியது. தேர் பக்கிரி நான்கு மாநிலத்தில் ஓவர் ஸ்பீடு கேஸை ஒத்துக்கொண்டார் என்று. இத்தனை வருடம் அவருக்கு வழிவிடாத பிரைவேட் பஸ் டிரைவர்கள் இறங்கி வந்து கைகொடுத்தார்கள். "இவ்ளோ நாளா ஒளிச்சி வச்சிருந்தியே மாமா" என்று ஒருவன் தோளில் தட்டினான். டீக்கடைக்காரர் டீக்குக் காசு வாங்கவில்லை. முப்பது வருடம் ஒருவரையும் சாகடிக்காமல் ஓட்டியதற்குக் கிடைக்காத மதிப்பு, ஓட்டாத ஓவர் ஸ்பீடுக்கு ஒரே நாளில் கிடைத்தது. எனக்கு அவர்கள் முகத்தில் காறித் துப்பலாம்போல இருந்தது. பக்கிரி மறுக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. வைக்கோல் வண்டிக் கதையை மட்டும் அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. யாராவது எடுத்துக் கொடுத்தாலும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டிக்குப் போய்விடுவார்.

குடியரசு தினத்தன்று எங்களுக்கு டூட்டி. மைதானத்தில் பேண்டு வாத்தியம் கேட்டுக்கொண்டிருந்தது. பதக்கத்துக்காகத் தைத்த காக்கியைத்தான் அவர் போட்டிருந்தார். வீணாக்க முடியாதே என்றார். லைசென்ஸ் புதிதாக வந்து பையில் இருந்தது.

வண்டி புறப்படுகிற நேரத்தில் ஒரு பெண் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். படிக்கட்டில் ஒரு கால் வைத்து, "அண்ணே, இது எப்ப சிதம்பரம் போவும்? எனக்கு கம்பெனி இன்டர்வியூ இருக்கு, லீவு நாள்லயும் வச்சிட்டாங்க" என்று என்னிடம் கேட்டாள். பயணியை விட்டுவிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சீக்கிரம் போகும், ஏறம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் முன்னாலிருந்து பக்கிரி திரும்பினார். பயணி பேசுகிறபோது அவர் திரும்பி நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா, இது லேட்டாவும். பின்னால நிக்கிற பிரைவேட்டுல ஏறு. ஓடு, அவன் எடுத்துடப் போறான்."

அவள் இறங்கி ஓடினாள். அந்த வண்டி எங்களைத் தாண்டிப் போகும்வரை பக்கிரி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் விசில் கொடுத்தேன், அவர் தன் வேகத்தில் வண்டியை எடுத்தார்.